அக்கா பேரில் நூற்றிருபது பதில்கள்

வியாழக்கிழமை ராத்திரி சுனந்தா வீட்டுக்குள் நுழைந்த வேகத்தில் ஒரு செருப்பு வாசலில் கிடந்தது, இன்னொன்று கூடம் வரைக்கும் வந்துவிட்டது. நேராக அறைக்குள் போனாள். கெமிஸ்ட்ரி புத்தகத்தை விரித்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்த தங்கை அக்ஷயாவின் மடியில் ஃபோனை விட்டெறிந்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"படி."

ஃபோனில் ஒரு ரிப்போர்ட் திறந்திருந்தது. மேலே சுனந்தாவின் பெயர், வயது இருபத்தைந்து. கீழே கலர் கலராக ஐந்து பட்டைகள். நான்கு பட்டைகள் அடக்கமாக இருந்தன. ஐந்தாவது பட்டை மட்டும் ரத்தச் சிவப்பில் திரையின் ஓரம் வரைக்கும் ஓடியிருந்தது. பயம், பதற்றம், மனச்சோர்வு: நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று.

"அதுக்குக் கீழ படி. சத்தமா படி."

அக்ஷயாவுக்குச் சத்தம் வரவில்லை. சுனந்தாவே பிடுங்கிப் படித்தாள். "'எளிதில் பதறுபவர். தன்னைப் பற்றித் தாழ்வாக எண்ணுபவர். கூட்டத்தைத் தவிர்ப்பவர். உள்ளே இருப்பதை வெளியே காட்டாமல் நடிப்பவர்.' யாருடி இவ? நானா? நேத்து மெடிக்கல்ல சிரிஞ்சி குடுனு கலாட்டா பண்ண குடிகாரனை ரோடு வரைக்கும் துரத்திட்டு வந்தவ நானு. நான் கூட்டத்தைத் தவிர்க்கிறேனா?"

"அக்கா, அது..."

"எனக்குக் கல்யாணம் ஆவக் கூடாதுனா மூஞ்சிக்கு நேரா சொல்லு. பொறாமையாடி உனக்கு?"

இல்லை என்று சொல்ல வாய் திறந்தது. தொண்டைக்குள் ஏதோ அடைத்துக்கொண்டது.

"வாயத் தொறக்க மாட்டியே! கம்முனு இருந்தே எல்லாக் காரியத்தையும் முடிச்சிடுவ. ஊரு பூரா உனக்கு ஒரே பேரு, சமத்து!" சுனந்தா கதவைத் திறந்துகொண்டு போனாள். கதவு திரும்பவும் அடித்துச் சாத்திக்கொண்டது.

வேட்டவலம் ரோட்டுப் பக்கம் சந்துக்குள் இருந்த அந்த வீட்டில், ஃபார்ம் என்று எது வந்தாலும் அது அக்ஷயாவின் வேலை. ரேஷன் கார்டில் செல் நம்பர் மாற்றுவது, பான் கார்டையும் ஆதாரையும் இணைப்பது, அப்பாவின் விதைக்கடை லைசென்ஸைப் புதுப்பிப்பது, சுனந்தாவின் பார்மசிஸ்ட் பதிவைப் புதுப்பிப்பது, எல்லாமே. எட்டாவது படிக்கும்போது ஆரம்பித்த பழக்கம். இப்போது பிளஸ் ஒன். அப்பா அப்புவுக்கு விதை மூட்டையில் கை வைத்தாலே நெல் எத்தனை நாள் பழசு என்று தெரியும்; ஃபோனில் 'சமர்ப்பி' என்ற பொத்தானைப் பார்த்தால் மட்டும் வியர்த்துவிடும்.

அதனால் சென்னையிலிருந்து ஜெயபாலன் அனுப்பிய லிங்க் வந்தபோதும் யாரும் யோசிக்கவில்லை. ஜெயபாலன் மாப்பிள்ளை நிர்மலின் தாய்மாமன். பெரிய கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருப்பவர். ஜாதகம் பொருந்திவிட்டது. தமிழ் ஜைனர்களில் கொடுத்து வாங்குகிற வீடுகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. அதில் பையன் படித்து, குடிக்காமல், சொந்தத்தில் சிக்கல் இல்லாமல் அமைவது லேசில்லை. சுனந்தா நிர்மலோடு ஃபோனில் இரண்டு தடவை பேசியிருந்தாள். இரண்டாவது தடவை பேசிவிட்டு வந்து, காரணமே இல்லாமல் ஃப்ரிட்ஜைத் துடைத்தாள்.

"அக்ஷயா, அக்காவுக்கு ஃபார்ம் வந்திருக்குது பாரு. போட்டு அனுப்பிடும்மா," என்றார் அப்பா. சுனந்தா செங்கம் ரோட்டு மெடிக்கலில் காலை ஒன்பதுக்குப் போனால் ராத்திரி ஒன்பதுக்கு வருவாள். "நீயே போட்டுடுடி. நான் எப்படினு உனக்குத் தெரியாததா?" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள்.

எல்லோரும் படுத்த பிறகு அக்ஷயா லிங்கைத் திறந்தாள். பெயர், பிறந்த தேதி. பிறகு கேள்விகள், நூற்றிருபது. ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மார்க் போட வேண்டும். முதல் இருபது முப்பது கேள்விக்கு அக்காவை மனதில் வைத்துத்தான் போட்டாள். 'புதியவர்களிடம் எளிதில் பேசுவேன்': ஐந்து. 'விவாதத்தில் விட்டுக்கொடுப்பேன்': ஒன்று. சிரித்துக்கொண்டேகூடப் போட்டாள்.

முப்பத்தாறாவது கேள்வி: 'பலர் முன்னிலையில் என் பெயரைச் சொல்லி அழைத்தால் என் உடல் நடுங்கும்.'

அந்தக் கேள்வியை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ வகுப்பறை ஜன்னலுக்கு வெளியே நின்று மூன்று மாதமாகத் தன்னைக் கவனித்துவிட்டு எழுதியது போல் இருந்தது. யாரும் கேட்காததை ஒரு ஃபோன் கேட்டது. அவள் ஐந்து போட்டாள். அடுத்ததற்கும் ஐந்து. 'மற்றவர்கள் எதிர்பார்ப்பது போல் நடிக்கிறேன்': ஐந்து. 'என்னை முழுதாகத் தெரிந்துகொண்டால் வெறுத்துவிடுவார்கள்': ஐந்து. 'கூட்டத்தின் நடுவிலும் தனியாக இருக்கிறேன்': ஐந்து. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அக்கா பெயர் இருந்ததால் பயமில்லாமல் சொல்ல முடிந்தது. நூற்றிருபதும் முடிந்து பொத்தானை அழுத்திய பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று உறைத்தது. அதற்குள் 'நன்றி, சுனந்தா' என்று வந்துவிட்டது. வியாழக்கிழமை ரிப்போர்ட் அக்காவின் ஃபோனுக்கும் ஜெயபாலனுக்கும் போய்ச் சேர்ந்தது.

வெள்ளியும் சனியும் சுனந்தா அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா அம்மாவிடமும் சொல்லவில்லை. சொன்னால், தானே போடாமல் தங்கையைப் போட வைத்ததும் வெளியே வரும். சாப்பாட்டுத் தட்டை வைக்கும் சத்தத்திலேயே அவள் கோபம் வீடு முழுக்கக் கேட்டது.

அக்ஷயா அந்த இரண்டு நாளும் ஃபோனில் தேடித் தேடிப் படித்தாள். தொண்ணூற்றொன்று என்றால் என்ன? எந்த வியாதி அது? போகுமா, போகாதா?

ஒரு கட்டுரை, மனிதனின் சுபாவம் ஐந்து அளவுக்குள் அடங்கும், பாதிக்கு மேல் பிறவியிலேயே வருவது என்றது. அப்போ நான் அம்மா வயிற்றில் இருக்கும்போதே தொண்ணூற்றொன்றா என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. இன்னொன்று, ஒவ்வொருத்தருக்குள்ளும் மூன்று பேர் இருக்கிறார்கள் என்றது: வேண்டும் வேண்டும் என்று அடம்பிடிக்கும் ஒன்று, கூடாது என்று மிரட்டும் ஒன்று, நடுவில் மாட்டிக்கொண்டு இரண்டு பேருக்கும் சமாதானம் சொல்லும் ஒன்று. அக்காவும் அம்மாவும் அப்பாவும் தன் மண்டைக்குள் குடிவந்த மாதிரி இருந்தது. வேறொன்று, பாராட்டு கிடைக்கிற காரியம் பழக்கமாகும், பழக்கம்தான் குணம் என்றது. காது குத்தின அன்றைக்கு அழாமல் இருந்ததற்கு அம்மா ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்ததும், அதற்குப் பிறகு விழுந்தாலும் தான் சத்தம் போடாததும் ஞாபகம் வந்தது. அடுத்தவர் கண்ணில் நாம் எப்படித் தெரிகிறோம் என்று நினைக்கிறோமோ அதுவே நாம் என்றது மற்றொன்று. இந்த வீட்டுக் கண்ணாடியில் அவள் சமத்து, அவ்வளவுதான்.

கடைசியாகப் படித்ததுதான் அவளை அதிகம் கோபப்படுத்தியது. இருக்கிற ஆளுக்கும் இருக்க வேண்டிய ஆளுக்கும் நடுவில் இடைவெளி எவ்வளவோ அவ்வளவு வேதனை என்று அதில் இருந்தது. அது உண்மை என்பதால்தான் கோபம். எல்லாச் சட்டையும் அவளுக்குப் பொருந்தியது. எதைப் போட்டுப் பார்த்தாலும் மூச்சு முட்டியது. பேர் வைப்பதற்கு இத்தனை பேர் இருக்கிறார்கள், பக்கத்தில் வந்து உட்கார ஒருத்தர்கூட இல்லையே என்று ஃபோனைத் தலையணைக்கடியில் தள்ளினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜெயபாலன் நேரில் வருவதாகச் சொல்லியிருந்தார். அன்றைக்குப் பௌர்ணமி. திருவண்ணாமலையில் இருக்கிற யாரும் பௌர்ணமியன்று சொந்தக்காரர்களைக் காரில் வரச் சொல்ல மாட்டார்கள். அப்பா இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். "எனக்கு அன்னைக்குத்தாங்க லீவு," என்றார் ஜெயபாலன். திண்டிவனம் ரோட்டிலேயே போலீஸ் காரை நிறுத்திவிட்டது. அங்கிருந்து கிரிவலம் போகிற கூட்டத்தோடு கூட்டமாக மூன்று கிலோமீட்டர் நடந்து, சட்டை முதுகோடு ஒட்டிப்போய், நாலரை மணிக்கு வந்து சேர்ந்தார்.

"வாங்க நயினாரே, வாங்க," என்று தங்கள் ஜைன வழக்கப்படி மரியாதையாக அழைத்து, அப்பா ஃபேனை அவர் பக்கம் திருப்பினார்.

அம்மா தர்மதேவிக்குக் கடிகாரத்தின் மேல்தான் கண். பொழுது சாய்ந்தால் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள். வந்தவருக்கு ஆறு மணிக்குள் இலை போட்டாக வேண்டும். வடை தட்டிக்கொண்டே கூடத்துப் பேச்சுக்குக் காதைக் கொடுத்தாள்.

ஜெயபாலன் ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுத்து, ஃபைலில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"நாங்க வேணாம்னு சொல்ல வரல. ஜாதகம் பொருந்திடுச்சு, சந்தோஷம். ஆனா ஜாதகம் கிரகத்தைப் பாக்குது, இது ஆளைப் பாக்குது. எங்க கம்பெனியில இது இல்லாம வாட்ச்மேனைக்கூட எடுக்க மாட்டோம். இதுல பாருங்க, தொண்ணூத்தொண்ணு. பையன் நைட் ஷிஃப்ட்டுப் போறவன். இவ்ளோ பயந்த சுபாவம்னா குடித்தனம் எப்படிங்க நடக்கும்? முன்னாடியே ஏதாவது ட்ரீட்மென்ட் எடுத்தீங்களா? மறைக்காம சொல்லுங்க."

அப்பா பேப்பரைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார். சுவரோரம் நின்ற சுனந்தாவின் முகம் சிவந்தது. அவள் கண் தங்கை மேல் பாய்ந்தது. அந்தப் பார்வையில் 'பாத்தியா' என்று இருந்தது. அக்ஷயா தண்ணீர் டம்ளர்கள் வைத்த தட்டோடு அடுப்படி வாசலில் நின்றாள்.

அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். "இன்னாங்க இது அநியாயமா இருக்குது! எம்பொண்ணா பயந்தவ? இவ சத்தம் தாங்காம எதிர் வீட்டுக்காரங்க ஜன்னலை மூடிக்கிறாங்க. இவளுக்கா ட்ரீட்மென்ட்டு?"

"நான் சொல்லலைங்க, இது சயின்ஸ். அவங்களே போட்ட பதில்."

"எந்த சயின்ஸா இருந்தா எனக்கின்னா? தன்னைத் தானே வெறுக்கிறவளாம், நடிக்கிறவளாம்! இப்படி ஒரு பொண்ணு இந்த வீட்ல இருந்தா பெத்தவ எனக்குத் தெரியாம போவுமா?"

அக்ஷயா தட்டைக் கீழே வைத்தாள். வைத்ததில் ஒரு டம்ளர் சாய்ந்து தண்ணீர் தரையில் ஓடியது. பயம் எப்போதும் போல ஏறிவந்தது. ஆனால் இந்தத் தடவை அதற்கும் முன்னால் வேறொன்று முண்டிக்கொண்டு வந்தது.

"தெரியலியேம்மா."

"இன்னாது?"

"உனக்குத் தெரியலியே. மூணு மாசமா இந்த வீட்லதான் இருக்கா. நீதான் தினம் தலை பின்னி விடுற." அவள் நிறுத்தவில்லை. "அதைப் போட்டது அக்கா இல்ல. நான். அக்கா பேர்ல என்னைப் பத்திப் போட்டேன்."

சுனந்தாவின் வாய் பாதி திறந்தபடி நின்றது.

முதலில் சிரித்தவர் ஜெயபாலன்தான். "அட! அவ்ளோதானா விஷயம்! நான் பயந்தே போயிட்டேன். பாப்பா விளையாட்டுக்கு எதையோ அமுக்கியிருக்குது."

"ஃபார்முனுதானே சொன்னாங்க," என்றார் அப்பா பாவமாக. "கேள்வி கேப்பாங்கனு யாரு கண்டா?"

அம்மா தாவிப் பிடித்துக்கொண்டாள். "ஆமாங்க, சின்னப் பொண்ணு. கைக்கு வந்ததை அமுக்கிட்டுத் தூங்கியிருக்கும். இது ரொம்ப சமத்துங்க, வாயே தொறக்காது. சொல்லுடி, சும்மா அமுக்கினேன்னு மாமாகிட்ட சொல்லு."

நான்கு முகங்களும் அவளைப் பார்த்தன. ஒரே ஒரு 'ஆமாம்மா' போதும். அக்காவுக்குக் கல்யாணம் நடக்கும், அம்மா வடைக்குத் திரும்புவாள், இலை போடுவார்கள். நாளைக் காலையில் அவள் வழக்கம் போல யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு போய் வழக்கம் போலச் செத்துச் செத்து வருவாள். இத்தனை நாளும் இந்த வீட்டில் அவள் சொன்னதெல்லாம் அந்த 'ஆமாம்மா'தான்.

"சும்மா அமுக்கல. ஒவ்வொண்ணும் படிச்சுப் பாத்துத்தான் போட்டேன்."

"அடியே..."

"பேசி முடிக்கிறேன்மா! கிளாஸ்ல மிஸ் எம்பேரைக் கூப்பிட்டா கை சில்லுனு ஆயிடுது. மூச்சு வர மாட்டேங்குது. செத்துருவேன்னு தோணுது. லஞ்ச் பீரியட் பூரா பாத்ரூம்ல நிக்கிறேன். நீ கட்டிக் குடுக்குற தயிர் சாதத்தை பஸ் ஏறுறதுக்கு முன்னாடி நாய்க்குப் போட்டுட்டு வரேன். டப்பா காலியா இருக்குதுனு நீ சந்தோஷப்படுற. கேக்க மாட்டியா? ஒரு நாளு கேக்க மாட்டியா? யாரோ எழுதின நூத்திருபது கேள்விதான் எங்கிட்ட கேட்டுது!"

அவள் இவ்வளவு நீளமாகப் பேசி அந்த வீட்டுச் சுவர்கூடக் கேட்டதில்லை.

ஜெயபாலன் தொண்டையைச் செருமினார். "இது வயசுக் கோளாறுமா. இந்த வயசுல எல்லாம் பெருசாத் தெரியும். சரி, நாம விஷயத்துக்கு வருவோம்." தன் ஃபோனை எடுத்து லிங்கைத் திறந்து சுனந்தாவிடம் நீட்டினார். "நீயே உக்காந்து போட்டுடும்மா. இருபது நிமிஷம். இப்பவே ரிசல்ட் வந்துடும்."

சுனந்தா ஃபோனை வாங்கினாள். சுனந்தா திரையைப் பார்க்கவில்லை. மூன்று நாளாகத் தான் பேசாமல் ஒதுக்கியிருந்த தங்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிர்மலோட ரிப்போர்ட் எங்க?" என்றாள்.

"பையனுக்கு எதுக்கும்மா? அவனை எங்களுக்குத் தெரியாதா?"

"எங்க வீட்லயும் அதையேதான் சொல்லிகினு இருந்தாங்க. இப்ப பாத்தீங்க இல்ல?" சுனந்தா ஃபோனை அவர் மடியிலேயே வைத்தாள். "எங்க மெடிக்கலுக்கு ஒரு ஜெர்மன்காரர் வருவாருங்க. தான் யாருனு தேடி இங்க ஆசிரமத்துக்கு வந்து பதினஞ்சு வருஷம் ஆவுது. இன்னும் தேடிகினுதான் இருக்காரு. நீங்க இருபது நிமிஷத்துல கண்டுபிடிச்சுடுவீங்க. எங்க வீட்ல ஒருத்தி மூச்சு முட்டுதுனு சொல்றா, அதை நகத்தி வெச்சிட்டு விஷயத்துக்கு வரீங்க. போடலைங்க. அவரு போட்டு அனுப்பட்டும், பாத்துட்டு நானும் போடறேன்."

"ஆணவமா பேசுற பொண்ணுனு ரிப்போர்ட்ல வரலியே," என்று எழுந்தார் ஜெயபாலன். ஃபைலை மூடினார். வாசலில் நின்று திரும்பினார். "எதுக்கும் ரெண்டு பேரையும் ஒரு நல்ல டாக்டரா பாத்துக் காட்டுங்க." இலை போடப்போகிறோம் என்று அம்மா சொன்னது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கூட்டத்தில் வழி தெரியாமல் போய்விடுவாரே என்று அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

அவர்கள் தெருமுனை தாண்டுகிற வரைக்கும்தான் அம்மா பொறுத்தாள்.

"திருப்தியாடி? ரெண்டு பேருக்கும் திருப்தியா? எத்தினி எடத்துல சொல்லி வெச்சு வந்த சம்பந்தம்! ஒரு நிமிஷம் கம்முனு இருந்திருக்கக் கூடாதா? அவரு போனப்புறம் எங்கிட்ட சொன்னா நான் இன்னா கழுத்தையா திருவப் போறேன்?"

"கம்முனுதான் இருந்தேன். மூணு மாசம்," என்றாள் அக்ஷயா.

"எதிர்த்துப் பேசாத!"

"பேசுவேன்."

"அவளை விடும்மா," என்று சுனந்தா கத்தினாள். கத்திவிட்டு அதே சூட்டில் தங்கையிடம் திரும்பினாள். "ஏண்டி, ராத்திரி உம்பக்கத்துலதானே படுக்கிறேன். எங்கிட்ட ஏண்டி சொல்லல?"

"நீ சிரிச்சிருப்ப."

சுனந்தா மறுக்க வாயெடுத்தாள். பிறகு சுவரில் சாய்ந்தபடி தரையில் உட்கார்ந்தாள். "சிரிச்சிருப்பேன்," என்றாள். கண் கலங்கியதைப் புறங்கையால் ஆத்திரமாகத் துடைத்தாள். அது தங்கைக்காகவா, ஃபோனில் இரண்டு தடவை பேசியவனுக்காகவா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. "வியாழக்கிழமை அப்படிக் கத்தினேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாம் இல்ல."

"நீ கத்தினா எனக்குக் குரல் வராது."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், கை காய்ந்த பிறகும். "நாளைக்கு ஸ்கூலுக்குப் போவியா, மாட்டியா?"

"தெரியல."

"தெரியலனா? போவணுமா இல்லியா?"

"நெஜமாவே தெரியலம்மா. காலையில எழுந்து பாத்தாத்தான் தெரியும். அப்படித்தான் தினம் இருக்குது."

அம்மாவின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. திட்டுவதற்கு வார்த்தை தேடுவது போலவும் இருந்தது, கிடைத்துவிடக் கூடாது என்று பயப்படுவது போலவும் இருந்தது. திடீரென்று அக்ஷயாவின் எதிரே வந்து சப்பணமிட்டு உட்கார்ந்தாள். எண்ணெய் வாசனை அடித்த கையை மகளின் நெஞ்சில் வைத்து அழுத்தினாள், ஜுரம் பார்ப்பது போல, கொஞ்சம் முரட்டுத்தனமாகவே.

"எங்கடி அடைக்குது? ராட்சசி, மூணு மாசம் உள்ளயே வெச்சுகினு இருந்திருக்கியே. இங்கயா? சொல்லித் தொலை, இங்கயா?"

"இங்க இல்ல," என்றாள் அக்ஷயா. அவள் கோபமும் இன்னும் போகவில்லை. "இன்னும் மேல."